கண்ணேறும் கழுத்துச் சுரப்பியும்: ஒரு நோயின் வரலாறு

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. நமது மானாம்பதியைப் போலவே காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்தான். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 1069ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, அவ்வூரில் நடைபெற்ற கல்விச்சாலையையும் அதனோடு இணைந்த ஆதுலர்சாலையையும் பற்றிப் பேசுகிறது. ஆதுலர்சாலை என்றால் நோயாளர் தங்கும் மருத்துவமனை. 15 கட்டில்கள், ஒரு மருத்துவர், அறுவைப்பணி செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர் இருவர், பணிவிடை செய்யும் பெண்கள் இருவர் என்று கணக்கு தெளிவாக வெட்டப்பட்டிருக்கிறது. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் விமலை, சுநேத்ரி என்னும் பெயர்களும் உண்டு. இவை கண்ணுக்குரிய மருந்துகள் என்பர்.

மத்ரஸாவில் பாடம் நடத்தும் நமக்கு இக்கல்வெட்டின்மீது ஒரு தனி ஈடுபாடு. ஓதும் பிள்ளைகளின் விடுதியையும் மருத்துவமனையையும் ஒரே அறக்கொடையில் இணைத்த வழக்கம் அக்காலத்துப் பக்தாதிலும் கெய்ரோவிலும் மட்டுமல்ல, நம் ஆற்றங்கரையிலும் இருந்திருக்கிறது. இங்கே கண் மருந்து கட்டில் அருகே வைக்கப்பட்டிருந்த அதே நூற்றாண்டில்தான் பாரசீக நாட்டில் ஸையித் இஸ்மாயீல் ஜுர்ஜானி என்னும் மருத்துவ மேதை பிறந்து வளர்ந்துகொண்டிருந்தார். இக்கட்டுரையின் பொருளான நோயை வரலாற்றில் முதன்முதலில் அடையாளம் கண்டவராகப் பலரும் அவரைக் குறிப்பிடுகின்றனர்.

அந்நோயைப் பற்றி எழுத நம்மைத் தூண்டியது வரலாற்று ஆர்வம் அன்று. நமது தவறு ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தாய் தம் மகளை அழைத்து வந்தார். மகளுக்கு முப்பது வயதைக் கடந்திருக்கும். இரு பிள்ளைகளுக்குத் தாய். "ஹஜ்ரத், என் பொண்ணுக்குக் கண் பட்டுடுச்சு, ஓதிப் பாருங்க" என்றார் அந்தத் தாய். அப்பெண் மெலிந்திருந்தார், கைகள் நடுங்கின, நெஞ்சு படபடக்கிறது, இரவில் உறக்கமில்லை என்றார். புர்காவின் இடைவெளியில் தெரிந்த கண்கள் மட்டும் அகன்று, வெறித்து, முன்னுக்கு வந்தவைபோல் இருந்தன. மாமியார் வீட்டில் "எந்நேரமும் முறைக்கிறாள்" என்று பேச்சாம். முகம் முழுதும் மறைத்து வாழும் ஒரு பெண்ணுக்கு வெளியே தெரிவது கண் மட்டுமே. அக்கண்ணே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தொடங்கிவிட்டால் அவர் எங்கே போவார்?

நாம் ஓதி ஊதினோம். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். கண்ணேறு உண்மை என்பது ஸஹீஹான ஹதீஸ்களால் நிலைநாட்டப்பட்டது. ஓதிப் பார்த்தலும் ஸுன்னத்தில் உள்ளதுதான். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் "மருத்துவரிடம் காட்டினீர்களா?" என்ற ஒரு கேள்வியை நாம் கேட்கவில்லை. ஐந்து மாதங்கள் அவர்கள் வந்துபோயினர். ஆறாம் மாதத்தில் ஒரு நாள் அப்பெண், தம் சிறுமகளின் சிவப்புப் பாவாடை ஒரு கண்ணுக்குச் சாம்பல் பூத்ததுபோல் தெரிகிறது என்று தற்செயலாகச் சொன்னார். அன்றுதான் நமக்கு அச்சம் தட்டியது. சென்னையிலுள்ள ஓர் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். நோய் கண்ணில் தெரிந்தாலும் அதன் வேர் கழுத்தில் இருக்கிறது என்றும், கண்ணின் பின்னே பார்வை நரம்பு நெரிபடுகிறது என்றும், இன்னும் தாமதித்திருந்தால் பார்வை மீண்டிருக்காது என்றும் அங்கே சொன்னார்கள்.

கிராமத்தார் மைல்கணக்கில் பயணம் செய்து கண் காட்டச் சென்னைக்குச் செல்வது புதிதன்று. 1819ஆம் ஆண்டிலேயே சென்னையில் கண் மருத்துவமனை தொடங்கப்பட்டுவிட்டது. இன்று எழும்பூரில் இயங்கும் அந்த அரசு கண் மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. இரு நூற்றாண்டுகளாக அப்படியொரு வாசல் திறந்திருக்க, நாம் ஐந்து மாதம் தண்ணீர்ப் புட்டியைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

இனி ஜுர்ஜானியிடம் வருவோம். அவர் ஹிஜ்ரி 504இல், அதாவது 1110ஆம் ஆண்டளவில், குவாரிஸ்ம் நாட்டுக்குச் சென்று அந்நாட்டு அரசரின் ஆதரவில் 'தகீரா' என்னும் பெரும் மருத்துவ நூலை எழுதினார். அரபி மொழியே அறிவுலகின் மொழியாக இருந்த காலத்தில் மக்கள் பேசிய பாரசீக மொழியில் எழுதப்பட்ட நூல் அது. கழுத்துக் கழலையும் கண் பிதுக்கமும் ஒருவரிடத்தில் சேர்ந்து வருவதை அவர் அதில் குறித்திருக்கிறார் என்று மருத்துவ வரலாற்றாசிரியர் சிலர் எடுத்துக்காட்டுகின்றனர். அவர் 1136இல் மர்வ் நகரில் காலமானார்.

இவ்விடத்தில் ஒரு சொல். நம் மேடைகளில் "எல்லாவற்றையும் முஸ்லிம்களே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று முழங்கும் பழக்கம் உண்டு. ஜுர்ஜானி இரு அடையாளங்களை இணைத்துப் பார்த்தார், அதுவே பெரிது. ஆனால் அவை ஏன் இணைகின்றன என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் இயலாது. தைராய்டு சுரப்பியின் வேலை என்ன என்பதே அவருக்குப் பின் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. மிகைப்படுத்திப் புகழ்வது அம்மேதைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஜுர்ஜானிக்கு முன்பே கண் மருத்துவம் நம்மவர்களிடம் தனிக்கலையாக வளர்ந்திருந்தது. பக்தாதில் அலீ இப்னு ஈஸா கண் நோய்களுக்கென்றே எழுதிய 'தத்கிரதுல் கஹ்ஹாலீன்' நூலில் 130 அளவிலான நோய்கள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. மோசுல் நகரத்து அம்மார் இப்னு அலீ, துளையுள்ள ஊசியால் கண்புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதிவைத்தார். 'கஹ்ஹால்' என்றாலே கண் மருத்துவர். 'குஹ்ல்' என்னும் மையிலிருந்து வந்த சொல். (இன்று கடைத்தெருவில் சுர்மா என்று விற்கப்படும் பொடிகளில் பல ஈயம் கலந்தவை. நபிமொழியில் வரும் இத்மித் கல்லும் அவையும் ஒன்றென்று எண்ணிக் குழந்தைகளின் கண்ணில் தீட்ட வேண்டாம்.)

13ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் நமக்கு மிக விருப்பமான ஓர் ஆளுமையைச் சந்திக்கிறோம். டமாஸ்கஸ் பகுதியில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுந் நஃபீஸ் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹைக் கற்பித்த மத்ரஸா ஆசிரியர், அதோடு மருத்துவர். இதயத்தின் வலப்புற இரத்தம் நடுச்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இடப்புறம் கசிகிறது என்று கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ் சொன்னதை ஆயிரம் ஆண்டுகளாக உலகம் ஏற்றிருந்தது. 1242இல் எழுதிய உரைநூலில் இப்னுந் நஃபீஸ் அதை மறுத்தார். அச்சுவரில் துளை இல்லை. இரத்தம் நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்து இடப்புறம் திரும்புகிறது என்றார். கண் மருத்துவத்துக்கும் அவர் ஒரு நூல் எழுதினார். 1288இல் இறக்கும்போது தம் வீட்டையும் நூல்களையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கு வக்ஃபாக விட்டுச் சென்றார். அவருடைய இரத்த ஓட்ட விளக்கம் நெடுங்காலம் மறக்கப்பட்டு, 1924இல் எகிப்திய மருத்துவர் ஒருவர் பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் படியில் கண்டெடுத்த பின்னரே வெளிச்சத்துக்கு வந்தது.

ஐரோப்பாவில் இந்நோயை முதலில் ஆராய்ந்தோரும் இரத்த ஓட்டத்திலிருந்தே தொடங்கினர் என்பது வியப்பு. இங்கிலாந்தின் பாத் நகரத்து மருத்துவர் பாரி 1786இல் ஒரு பெண்ணிடம் கழுத்து வீக்கத்தையும் படபடப்பையும் கண் பிதுக்கத்தையும் கண்டார். இதயமே இதற்குக் காரணம் என்பது அவர் எண்ணம். அவர் இறந்த பிறகு 1825இல்தான் அக்குறிப்பு அச்சேறியது. டப்ளின் நகரத்து ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் வெளியிட்ட கட்டுரையில், உறங்கும்போதும் இமைகள் மூட முடியாத ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். 1840இல் ஜெர்மனியின் மெர்செபெர்க் நகரத்து மருத்துவர் பாசெடோ, கண்ணுக்குப் பின்னேயுள்ள திசு பெருகுவதால்தான் கண் பிதுங்குகிறது என்றார். இன்றும் ஆங்கிலம் பேசுவோர் இதைக் கிரேவ்ஸ் நோய் என்கின்றனர். ஜெர்மானியர் பாசெடோ நோய் என்கின்றனர். மூவரும் நோயைக் கண்டனர். ஆனால் சுரப்பி மிகையாகச் சுரப்பதே இதன் மூலம் என்று மோபியுஸ் என்னும் ஜெர்மானியர் முன்வைக்க 1886 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கழுத்துக் கழலை எல்லாமே இந்நோய் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். இமயமலை அடிவாரத்து மக்களின் கழலைக்கு அயோடின் குறைவே காரணம். ஆந்திரத்தைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் ராமலிங்கசுவாமி காங்கிரா பள்ளத்தாக்கில் நடத்திய ஆய்வு அயோடின் உப்பின் பயனை மெய்ப்பித்தது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. கிரேவ்ஸ் நோய் வேறு வகை. இதில் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே பகையாகக் கருதித் தூண்டிவிடுகிறது. வெளியிலிருந்து கிருமி எதுவும் வரவில்லை. காவலாளியே வீட்டாரைத் தாக்கும் நிலை.

அதே தாக்குதல் கண்குழிக்கும் பரவுகிறது. தைராய்டு செல்களில் உள்ள அதே ஏற்பி கண்ணுக்குப் பின்னேயுள்ள திசுக்களிலும் இருப்பதே காரணம் என்கின்றனர். கண்குழி நான்கு புறமும் எலும்பாலானது. முன்புறம் மட்டுமே திறப்பு. அதன் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர். அதில் விழி 7 மில்லிலிட்டர் அளவு இடத்தையே கொள்கிறது. எஞ்சிய இடத்தில் கொழுப்பும், விழியை அசைக்கும் ஆறு தசைகளும், பார்வை நரம்பும், இரத்தக் குழாய்களும் நெருக்கமாக அமைந்துள்ளன. நோயில் தசையும் கொழுப்பும் நீர் கோத்து வீங்குகின்றன. மூடிய பானையில் அரிசி வெந்து பெருகினால் மூடியைத் தூக்குவதுபோல் விழி முன்னுக்குத் தள்ளப்படுகிறது. மேலிமையைத் தூக்கும் தசையும் இறுகுவதால் இமை மேலேறி நிற்கிறது. கீழே நோக்கும்போது இமை விழியைத் தொடராமல் பின்தங்குவதைப் பெர்லின் மருத்துவர் கிரேஃபே 1864இல் எழுதினார். நம் மாமியார்கள் "முறைக்கிறாள்" என்பது இந்த இமையைத்தான்.

வெளித்தோற்றத்தைவிட உள்ளே நடப்பதே அஞ்சத்தக்கது. ஏரிப் பாசனம் அறிந்த நம் ஊராருக்கு இதைச் சொல்வது எளிது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரிக்கென்றே ஒரு வாரியம் இருந்ததைப் படிக்கிறோம். வரத்துக்காலும் வடிகாலும் ஒத்திருந்தால்தான் வயல் பிழைக்கும். கண்ணுக்கு இரத்தம் கொண்டுவருவது கண் தமனி; திரும்பக் கொண்டுசெல்லும் முதன்மையான வடிகால் மேற்கண் சிரை. அழற்சியால் தமனி வழியே வரும் இரத்தம் மிகுகிறது. வீங்கிய தசைகளோ சிரையை நெரித்து வடிகாலை அடைக்கின்றன. நோய் மூர்க்கமாக இருக்கும் சிலரிடம் ஓட்டம் மெலிந்து, எதிர்த்திசையிலும் திரும்பிவிடுவதை டாப்ளர் ஸ்கேனில் மருத்துவர்கள் காண்கின்றனர். தேங்கிய இரத்தத்தால் வெண்விழி சிவக்கிறது, இமை உப்புகிறது, விழியின் உள்ளழுத்தம் ஏறுகிறது. இரவு முழுதும் படுத்திருப்பதால் வடிகால் மேலும் தளர்ந்து, காலையில் எழும்போது வீக்கம் மிகுந்திருக்கும். தலையணையை உயர்த்திப் படுக்கச் சொல்வது இதற்காகவே.

கண்குழியின் பின்முனை புனலைப்போல் குறுகியது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகளைக் கொண்ட பார்வை நரம்பு அங்கேதான் நுழைகிறது. அங்கே தசைகள் வீங்கினால் நரம்பு நேராகவும் நெரிபடும். அதற்குச் செல்லும் நுண்ணிய இரத்த ஓட்டமும் குன்றும். சிலரிடம் கண் அதிகம் பிதுங்காமலே இது நிகழும். முன்னே வர இடமின்றி அழுத்தம் முழுவதும் உள்ளேயே நிற்பதால் அது இன்னும் ஆபத்து. முதல் அறிகுறி பெரும்பாலும் வண்ணம் மங்குவது, குறிப்பாகச் சிவப்பு. அந்தச் சிறுமியின் பாவாடை நமக்குச் சொன்னது இதையே.

நோயின் போக்கை 1945இல் ரண்டில் என்னும் மருத்துவர் வளைகோடாக வரைந்து காட்டினார். அழற்சி ஏறும், உச்சம் தொடும், ஒன்றிரண்டு ஆண்டுகளில் தானே அடங்கும், ஆனால் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பாது. ஓதிய தண்ணீரால் குணமானதாக நாம் கேள்விப்படும் சில நிகழ்வுகள் இந்த வளைகோட்டின் இறக்கமாகவும் இருந்திருக்கலாம். ஷிஃபா அளிப்பவன் எவ்வழியிலும் அல்லாஹ்வே. ஏறும் காலத்தில் மருந்து தந்தால் பயன் மிகுதி. அடங்கிய பின் எஞ்சுவது தழும்பு, அதற்கு அறுவைதான். நாம் வீணாக்கிய ஐந்து மாதங்கள் ஏறும் காலத்தைச் சேர்ந்தவை.

சிகிச்சையில் முதலாவது சுரப்பியைக் கட்டுக்குள் கொண்டுவருவது. கண்ணில் அழற்சி கடுமையானால் சிரை வழியே ஸ்டீராய்டு ஏற்றுகின்றனர். நரம்பு நெரிபடுவது நிற்காவிட்டால் கண்குழியின் எலும்புச் சுவரை அகற்றி இடம் உண்டாக்குகின்றனர். 2020 சனவரியில் டெப்ரோடுமுமாப் என்னும் புதிய மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதன் விலை சாமானியர் எண்ணிப் பார்க்கத்தக்கதன்று. விலையே இல்லாத மருந்தொன்றும் உண்டு: புகைப்பதை விடுவது. புகைப்போருக்கு இந்நோய் மிகுதியாக வருகிறது, கடுமையாகிறது, சிகிச்சைக்கும் மசிவதில்லை. புகைத்தல் ஹராமா மக்ரூஹா என்று நம் இளைஞர்கள் தேநீர்க் கடையில் பீடியைக் கையில் வைத்துக்கொண்டே விவாதிப்பதை அடிக்கடி கேட்கிறோம். வீட்டில் தைராய்டு நோயுள்ள மனைவியோ சகோதரியோ இருந்தால், விவாதம் முடியும்வரை காத்திராமல் பீடியை அணைத்துவிடலாம். பெண்களுக்கே இந்நோய் அதிகம். ஆண்களுக்கு வந்தால் கடுமை அதிகம்.

அப்பெண்ணுக்கு அறுவை தேவைப்பட்டது. அப்போது அவர் தாய் நம்மிடம் கேட்டது மருத்துவக் கேள்வி அன்று, மஸ்அலா. "சில நாள் குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்றாங்க. ஸஜ்தா செய்யாம தொழுதா கூடுமா ஹஜ்ரத்?"

இக்கேள்விக்கு வயது ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கண்ணில் நீர் இறங்கியபோது, சில நாட்கள் மல்லாந்து படுத்துத் தொழுதால் சிகிச்சை செய்யலாம் என்று அவர்களிடம் கூறப்பட்டது. அவர்கள் பிற ஸஹாபாக்களிடம் கேட்டார்கள். அவர்கள் விரும்பாததால் சிகிச்சையை விட்டுவிட்டார்கள் என்று ஃபிக்ஹு நூல்கள் குறிப்பிடுகின்றன. பிற்கால இமாம்கள் இச்செய்தியை எதிரே வைத்துக்கொண்டே நெடிது ஆராய்ந்தனர். இப்னுந் நஃபீஸின் காலத்தவரும் 1277இல் மறைந்தவருமான இமாம் நவவி (ரஹ்), கண் நோயாளியிடம் நம்பத்தகுந்த மருத்துவர் "படுத்துத் தொழுதால் சிகிச்சை இயலும்" என்று சொன்னால் அவ்வாறு தொழலாம் என்பதையே ஏற்புடைய கருத்தாகப் பதிந்துள்ளார்கள். ஹனஃபி மத்ஹபிலும் இதற்கு அனுமதி உண்டு. நின்று இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்தும் தொழுமாறு இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் உள்ளது. நோய்க்கு மருத்துவம் செய்யலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது செய்துகொள்ளப் பணித்ததும் அவர்களே.

ஆகவே அமர்ந்து சைகையால் தொழுமாறு சொன்னோம். தாய்க்கு அது போதவில்லை. "எழுதிக் கொடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தோம். அச்சீட்டை மருத்துவமனைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்திருந்தாராம்.

இன்று ஓதிப் பார்க்க வருவோரிடம் மூன்று கேள்விகளைக் கேட்ட பிறகே நாம் ஓதுகிறோம். காரணமின்றி உடல் மெலிந்து நெஞ்சு படபடக்கிறதா? பொருள்கள் இரண்டாகத் தெரிகின்றனவா? ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் சிவப்புத் துணி இரு கண்ணுக்கும் ஒரே சிவப்பாகத் தெரிகிறதா? அதற்காக ஜன்னலருகே ஒரு சிவப்புத் துணியும் மடித்து வைத்திருக்கிறோம். மக்தபுப் பிள்ளைகள் அதை எடுத்து விளையாடுவதால் அடிக்கடி தொலைந்துபோகிறது.

அப்பெண்ணுக்கு வண்ணம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. ஒரு தசை இறுகிப்போனதால் மேலே நோக்கும்போது மட்டும் உருவம் இரண்டாகத் தெரிகிறது. சென்ற ரமளானில் பிறை பார்க்க மொட்டைமாடிக்கு ஏறியவர், தமக்கு இரண்டு பிறை தெரிவதாகச் சொல்லித் தாயை அனுப்பியிருந்தார். "இதை ஒரு சாட்சியா எடுத்துக்குவீங்களா, ரெண்டு சாட்சியாவா ஹஜ்ரத்?" என்று கேட்டுவிட்டுத் தாயும் சிரித்தார், நாமும் சிரித்தோம்.